மைக்கைக் கொடுக்காத ககோயா

சனிக்கிழமை காலை. இகாங்கா சந்தையில் ககோயா தார்ப்பாயை விரித்து, மூட்டையிலிருந்து கொட்டிய பழைய ஷூக்களுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பலிகோவா ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார். ஊர் ஆட்டப் போட்டியை வருஷா வருஷம் நடத்துகிறவர் அவர். எந்நேரமும் தேய்த்த சட்டையும் தொப்பியுமாகத் திரிகிற மனிதர், அன்று சட்டைப் பொத்தானைக்கூட மாற்றி மாட்டியிருந்தார்.

"முகிசா அம்மா, என் மானத்தை நீதான் காப்பாத்தணும்" என்றார்.

"யார் போயிட்டாங்க?" என்று கேட்டாள் ககோயா. அவளைத் தேடி ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தால் அது இழவுச் செய்தியாகத்தான் இருக்கும்.

"சாவெல்லாம் ஒண்ணுமில்ல. முலோண்டோ போயிட்டான்."

"எந்த முலோண்டோ? ரேடியோக்காரனா? நேத்துக்கூடப் பேசிக்கிட்டிருந்தானே!"

"இப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்கான். கீரியாவோட பிரசார லாரியில ஏறி நின்னு பேசுறான். தேர்தல் முடியற வரைக்கும் வேற எங்கயும் வாயைத் திறக்கக் கூடாதாம். இன்னிக்கு மத்தியானம் போட்டி. மேடையில நின்னு நடத்த ஆளில்லாம நிக்கிறேன்."

பக்கத்துக் கடையில் குழந்தைச் சட்டைகளை உதறிக்கொண்டிருந்த நமுகோசே வாய்விட்டுச் சிரித்தாள். "அதுக்கு இவளையா கூப்பிடறீங்க? இவ மைக்கைப் பிடிச்சா ஆடுறவன் கையைக் கட்டிக்கிட்டுச் சவப்பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்குவான்!"

நமுகோசே சொன்னதில் பொய்யில்லை. இகாங்காவைச் சுற்றி எந்த ஊரில் அடக்கம் நடந்தாலும் வாழைத்தோட்டத்துப் பந்தலில் மைக்கைப் பிடித்து நிற்பவள் ககோயாதான். யார் எந்த வரிசையில் பேச வேண்டும், பேரன் பேத்திகள் எப்போது எழுந்து நிற்க வேண்டும், பெட்டியை யார் தூக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அவள் குரல் நடத்திக் கொடுக்கும். தாழ்ந்த குரல், அவசரமே இல்லாத குரல். அழுகிறவர்களை அழவிட்டு, அளவு மீறினால் மெல்ல அடக்கும்.

அவள் அந்த வேலைக்கு வந்த கதையே தனி. கணவன் காகைரே கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். அடக்கத்தன்று அவனுடைய சித்தப்பா அழைத்து வந்திருந்த ஆள் கேழ்வரகுக் கள்ளை மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, இறந்தவன் பெயருக்குப் பதில் அவன் அண்ணன் பெயரை வாசித்துக்கொண்டிருந்தான். அண்ணனோ முன்வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெட்டிக்குத் தலைமாட்டில் முகிசாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ககோயா, பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து போய், அந்த ஆளின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். "இவர் பேர் காகைரே. நான் இவரோட சம்சாரம். இனி நானே சொல்றேன்" என்றாள். புருஷன் செத்தவள் மைக் பிடிப்பதா என்று சில பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அடுத்த மாதம் அந்தப் பெரியவர்களில் ஒருவர் வீட்டு இழவுக்கே அவளைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"முடியாது அண்ணே" என்றாள் ககோயா இப்போது. "இழவு வீட்டுல யாரும் என்னைப் பார்க்கறதில்ல. எல்லார் கண்ணும் பெட்டி மேல இருக்கும். நான் பாட்டுக்கு ஓரமா நின்னு பேசிட்டுப் போயிடுவேன். ஆட்ட மேடையில எல்லாரும் என்னையில்ல பார்ப்பாங்க?"

"பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும். நீ இல்லன்னா போட்டி இல்ல. உன் பொண்ணோட குழு அவரைக்காய் அறுவடையிலேருந்து ரெண்டு மாசமா ஒத்திகை பார்க்குது. அவகிட்ட நீயே போய்ச் சொல்லு, ஆட்டம் இல்லன்னு."

அங்கேதான் மனிதர் அவளை மடக்கினார். பதினான்கு வயது முகிசா அந்த இரண்டு மாதமும் வீட்டில் நடந்ததே இல்லை, சமையல்கட்டுக்கும் கிணற்றடிக்கும்கூட ஆடிக்கொண்டேதான் போய்வந்தாள்.

ககோயா ஒத்துக்கொண்டாள். அடுத்த தொல்லை உடை. தோளில் கூர்மடிப்பும் இடுப்பில் அகலப் பட்டையுமாகத் தரை தொடும் கொமேசி அவளிடம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் துக்கத்துக்கென்று வைத்திருந்த கறுப்பு. நமுகோசே தன்னுடையதைத் தரத் தயாராக இருந்தாள். ஆனால் அந்த மாதம் எந்த நிறத்தை எடுத்தாலும் அது ஏதாவது ஒரு கட்சியின் நிறமாக இருந்தது. அதை உடுத்திக்கொண்டு மேடை ஏறினால் வாய் திறக்கும் முன்பே சண்டை வந்துவிடும். கடைசியில் சந்தை முழுக்கத் தேடி, எந்தக் கட்சிக்கும் சேராத கத்திரிப்பூ நிறத்தில் ஒன்றை இரவலாகப் பிடித்தார்கள்.

"சிரிச்ச முகமா நில்லு" என்று பட்டையை இறுக்கிக்கொண்டே சொன்னாள் நமுகோசே. "உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே யாருக்காவது ஆறுதல் சொல்லணும்போல இருக்கு."

திடல் நிரம்பி வழிந்தது. தகர உருளைகள் மேல் பலகை போட்டுக் கட்டிய மேடை. அதற்கு நேர் எதிரே பாயில் பள்ளிப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பந்தலில் பெரியவர்கள். இடது பக்கம் மாமரத்தடியில் விசிலும் தட்டுவதற்குத் தண்ணீர்க் கேனுமாக இளவட்டங்கள். அந்த இளவட்டங்கள் கீரியாவுக்கு எதிர்க்கட்சி என்று ஊருக்கே தெரியும். போன வாரம் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் நாற்காலி பறந்து, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி, மிதிபட்ட ஒரு கிழவர் இன்னும் படுக்கையில் கிடந்தார். அதை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் பேசவில்லை.

ககோயா மேடைக்கு வந்தாள். திடலில் இருந்த அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. பலிகோவா சொல்லிக்கொடுத்த வரவேற்பு வாசகம் முழுசும் மறந்து போயிற்று. வாய், தனக்குப் பழகிய வாசகத்தைத் தானாகவே எடுத்துக் கொடுத்தது.

"துக்கத்தில் கூடியிருக்கும் சொந்தபந்தங்களே..."

மாமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா! யாரு செத்தது?"

சிரிப்பு அலையடித்தது. பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். இறங்கிப் போய்விடலாமா என்று ககோயாவுக்குத் தோன்றியது. மேடைப் படிக்குக் கீழே முகிசா, இடுப்பில் தோலாடை கட்டித் தன் குழுவோடு நின்றிருந்தவள், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் ககோயாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பேச்சும் வந்தது.

"யாரு செத்ததா? தெரியாதா உனக்கு?" என்றாள், அதே இழவு வீட்டுக் குரலில். "நம்ம முலோண்டோவோட குரல் செத்துப்போச்சு. லாரியில அடிபட்டுச்சாம். நல்ல குரல், பாவம். அதோட அடக்கத்துக்குத்தான் கூடியிருக்கோம். அழுகை போதும், ஆட்டம் பார்ப்போம், உட்காருங்க."

முலோண்டோ லாரியேறிய செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. திடல் அதிர்ந்தது. தண்ணீர்க் கேன்கள் முழங்கின. பந்தலில் உட்கார்ந்திருந்த கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ககோயா அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து முதல் குழுவின் பெயரைச் சொன்னாள். அந்தக் கணத்திலிருந்து மேடை அவள் கைக்கு வந்துவிட்டது. ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி வம்புக்கிழுத்தாள். தலையை ஆட்டிக்கொண்டே தூங்கிய நடுவர் ஒருவரை எழுப்பி, "ஐயா, உங்க ஆட்டத்துக்கும் மார்க் உண்டு" என்றாள். இரண்டாவது குழு முடிப்பதற்குள் அவளுக்கே தான் சிரிக்கிறோம் என்பது தெரிந்தது.

ஆனால் முலோண்டோவைப் பற்றிச் சொன்ன சொல் திடலோடு நிற்கவில்லை. அது கைப்பேசி வழியாக லாரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றாவது குழு ஆடிக்கொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் டென்யுவா வந்தான். கீரியாவின் தேர்தல் வேலையெல்லாம் பார்ப்பவன், சந்தைக்குக் குத்தகைதாரன் வேறு. பலிகோவாவை ஓரமாகத் தள்ளி நிறுத்தினான்.

"பந்தல் யார் போட்டது? ஜெனரேட்டர் யாரோடது?" என்றான்.

"மாண்புமிகு கீரியாவோடது. இல்லன்னு சொல்லலியே" என்றார் பலிகோவா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அவர் பந்தல்ல உட்கார்ந்துக்கிட்டு அவரையே கிண்டல் பண்றீங்க. சரி, போகட்டும். அவர் வந்துக்கிட்டிருக்கார். மேடையில கூப்பிட்டு மைக்கை அவர் கையில குடுக்கணும்."

"இங்க அரசியல் பேச்சு வேணாம்னுதான் முதல்லயே..."

டென்யுவா அவரை விட்டுவிட்டு ககோயாவிடம் திரும்பினான். "சந்தையில நல்ல இடத்துல உட்கார்ந்திருக்கே, இல்ல? வாசலுக்கு நேரா. மழைக்குக்கூட ஒதுக்கம் உண்டு. அந்த இடத்துக்கு எத்தனை பேர் கேட்டு நிக்கிறாங்க தெரியுமா?"

ககோயாவுக்குப் பதில் சொல்ல அவகாசமில்லை. திடலின் வாசலில் லாரி வந்துவிட்டது. அதன் மேல் கட்டிய ஒலிபெருக்கிகளிலிருந்து முலோண்டோவின் குரல் பீறிட்டு, பறைச் சத்தத்தையே விழுங்கியது. மூன்றாவது குழு தாளம் தப்பி நின்றுவிட்டது. லாரியின் பின்புறத்தில் தடிகளோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமரத்தடியில் விசில் கிளம்பியது. முதலில் ஒன்று, பிறகு எல்லாமே சேர்ந்து. சிலர் குனிந்து தரையில் எதையோ பொறுக்குவதை மேடையின் உயரத்திலிருந்து ககோயா பார்த்தாள். வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் பேசி வைத்ததுபோல வறுத்த சோளம் விற்கிறவனைப் பார்த்து நடந்தார்கள்.

கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தால் கல் வரும். கூப்பிடாவிட்டால் லாரியிலிருந்து தடி இறங்கும். நடுவில் பாயில் பிள்ளைகள். அடுத்து ஆட வேண்டிய குழு முகிசாவின் குழு. மேடைப் படியில் ஏறி, கைக்கொரு சுரைக்குடுவையோடு தயாராக நின்றுவிட்டார்கள். அவர்கள் ஆட இருந்தது, குடித்துச் சண்டை போட்டுக் குடுவையை உடைத்துவிடாதீர்கள் என்று பெயரே வைத்திருக்கிற, அந்தப் புசோகா வட்டாரத்துப் பழைய ஆட்டம்.

பலிகோவா கையைப் பிசைந்தார். "குடுத்துத் தொலைச்சுடு முகிசா அம்மா. ஏதோ ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டும்."

"ரெண்டு வார்த்தை பேசுற மூஞ்சியா அது?" என்றாள் ககோயா. மைக்கை எடுத்துக்கொண்டு மேடையின் முன்புறம் போனாள்.

"மாண்புமிகு கீரியா வந்திருக்கார்" என்றாள். விசில் காதைக் கிழித்தது. அவள் கையை உயர்த்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. சத்தம் போட்டவர்களுக்கே அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டியிருந்தது, அடங்கினார்கள். "வரட்டும். விருந்தாளியை வாசல்ல நிறுத்தி வைக்கிற வழக்கம் நம்ம ஊர்ல இல்ல. ஆனா இது ஆட்ட மேடை. இன்னிக்கு இதுல பேசறதுக்கு ஒரே ஆளுக்குத்தான் இடம், அது நான். வேற யார் ஏறினாலும் ஆடணும். நடுவரா இருந்தாலும் சரி, மந்திரியா இருந்தாலும் சரி, ஏறினா ஆட்டம். மாண்புமிகுவுக்குச் சம்மதம்னா வரட்டும்."

பந்தலில் ஒரு கிழவி கைதட்டினாள். பிறகு பலர். மாமரத்தடியில் சிரிப்புக்கூடக் கேட்டது. கீரியா பருத்த ஆள், கோட்டும் மினுக்கும் ஷூவுமாக லாரியிலிருந்து இறங்கி வந்தார். தேர்தல் நேரத்தில் திரும்பிப் போவது தோற்பதற்குச் சமம். படியேறி வந்து, சிரித்த முகத்தோடு கூட்டத்துக்குக் கையசைத்து, அவள் முன்னால் கையை நீட்டினார்.

ககோயா பக்கத்தில் நின்ற ஆட்டக்காரியின் குடுவையை வாங்கி அந்தக் கையில் வைத்தாள்.

கூட்டத்தைப் பார்த்த அவர் முகம் சிரித்தபடிதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில், "மைக்கைக் குடு. விளையாடாதே. செருப்பு விக்கிற நாய்க்கு இவ்வளவு திமிரா?" என்றார்.

மைக் அவள் நெஞ்சருகே இருந்தது. சொன்னது அத்தனையும் நாலு ஒலிபெருக்கியிலும் கணீரென்று விழுந்தது.

திடல் மூச்சை உள்ளே இழுத்ததுபோல ஒரு சத்தம். சந்தைப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் எழுந்துவிட்டது. மாமரத்தடியிலிருந்து ஒரு கல் வந்தது. கீரியாவுக்கென்று வீசிய கல், அவரைத் தாண்டிப் போய் முகிசாவின் கையிலிருந்த குடுவையைப் பிளந்தது. படாரென்ற சத்தம். உடைந்த கழுத்துப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு பெண் நின்றாள். புறங்கையில் ரத்தம் கோடு போட்டது. லாரியிலிருந்து தடிகள் குதித்து இறங்கின. பாயில் இருந்த பிள்ளைகள் எழுந்து எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அலறினார்கள்.

ககோயா மகளை ஒரு முறை பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு திரும்பவில்லை.

"நங்கோலி" என்றாள்.

கேலி இல்லாத குரல். வாழைத்தோட்டத்தில், பெட்டியைக் குழிக்குள் இறக்குமுன் பேசுகிற குரல். மாமரத்தடியில் கையில் அடுத்த கல்லோடு நின்ற ஒருவன் அப்படியே நின்றான்.

"நங்கோலி, போன மழைக்காலத்துல உங்கம்மாவை அடக்கம் பண்ணோம். உன் பேரை நான் கூப்பிட்டேன், நீ வந்து முதல் பிடி மண் போட்டே. இசாங்கா, தடியோட எங்க ஓடறே? நில்லு. உன் தம்பியை ஆத்துலேருந்து எடுத்துட்டு வந்தப்ப உங்க வீட்டுல யாருக்கும் பேச்சு வரல. நான் பேசினேன். மலாகலா, உங்கப்பாவுக்கு. கடே, உன் குழந்தைக்கு. இந்தத் திடல்ல நான் போகாத வீடு எது? ரெண்டு பக்கத்துலயும் சொல்லுங்க, எது?"

ஜெனரேட்டர் மட்டும் கடகடத்தது.

"பிள்ளைங்களா, உட்காருங்க. இருக்கிற இடத்துலயே உட்காருங்க. ஓடாதீங்க. பெரியவங்களும்தான்." பாயில் ஒவ்வொரு தலையாகக் கீழே இறங்கியது. "ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கு இங்க யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, நாளைக்கு அவங்க பேரைப் படிக்கச் சொல்லி என்னைக் கூப்பிடாதீங்க. வரமாட்டேன். எங்க வீட்டுக்காரர் மேல சத்தியம். வேற ஆளைப் பார்த்துக்குங்க."

நங்கோலி கல்லைக் கீழே போடவில்லை. ஆனால் உட்கார்ந்தான். அவனைச் சுற்றி நின்றவர்களும் உட்கார்ந்தார்கள். இசாங்கா தடியை லாரிச் சக்கரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அது தன்னுடையதே இல்லை என்பதுபோல இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

மேடையில் கீரியா இன்னும் குடுவையோடுதான் நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. எதிரே இருந்த மௌனத்தை அவர் ஒரு நல்ல வியாபாரி தராசைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பேசினால் என்ன ஆகும், போனால் என்ன ஆகும் என்று அந்தப் பார்வையிலேயே கணக்கு ஓடியது. பிறகு கோட்டைக் கழற்றி டென்யுவாவிடம் வீசினார். மரக்கட்டை வாத்தியத்தின் முன் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "அடிங்கப்பா" என்றார்.

அவர்கள் ககோயாவைப் பார்த்தார்கள். அவள் தலையசைத்தாள்.

கீரியா ஆடினார். அவர் தடுமாறி விழுவார், ஊர் சிரிக்கும், சிரிப்போடு சிரிப்பாக எல்லாம் ஆறிவிடும் என்றுதான் ககோயா கணக்குப் போட்டிருந்தாள். மனிதர் விழவில்லை. சிறுவயதில் கிராமத்துக் கள் விருந்துகளில் ஆடிய இடுப்பு அது, தொந்திக்கு அடியில் இன்னும் உயிரோடுதான் இருந்தது. குடுவையைத் தலையில் ஏற்றி, கையை விட்டுவிட்டு, முழங்கால் மடக்கித் தரை வரைக்கும் இறங்கி, தோள் குலுங்காமல் எழுந்தார். பந்தலில் கிழவிகள் குலவையிட்டார்கள். மாமரத்தடியில்கூட ஒருவன் தன்னை மறந்து கேனைத் தட்ட, பக்கத்தில் இருந்தவன் அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினான்.

ஆட்டம் முடிந்ததும் கீரியா குடுவையை ககோயாவிடம் திருப்பிக் கொடுத்தார். இந்த முறை மைக் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார். "சொன்னது தப்புதான், அக்கா" என்று கூட்டத்துக்குக் கேட்கச் சொன்னார். மைக்கை விட்டு விலகியதும், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "உனக்கு இருக்கு" என்றார். இறங்கிப் போனார். லாரி ஒலிபெருக்கியை முழக்காமல் கிளம்பியது.

போட்டி நடந்து முடிந்தது. முகிசா கையில் துணியைக் கட்டிக்கொண்டு, குடுவையில்லாமல், குடுவை இருப்பதுபோலவே ஆடினாள். அவர்கள் குழுவுக்கு இரண்டாம் பரிசு. ககோயா கடைசிப் பெயர் வரைக்கும் குரல் பிசகாமல் வாசித்தாள். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் வந்தவள், உருளை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. நமுகோசே டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். நமுகோசேயே கோப்பையைப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"மேடையில மலை மாதிரி நின்னியேடி!"

"மலையா? கால் ரெண்டும் தந்தியடிச்சுது. கொமேசி தரை வரைக்கும் இருந்ததோ, பிழைச்சேன்."

முகிசா வந்து எதிரே நின்றாள். கண் சிவந்திருந்தது. "கல்லு என் கையில விழுந்துச்சும்மா. நீ என்கிட்ட வரவே இல்ல."

"வந்திருந்தா எனக்குப் பேச்சு வந்திருக்காது" என்றாள் ககோயா.

"யார் யார் பேரையோ கூப்பிட்டே. என் பேரைக் கூப்பிடல."

ககோயா மகளின் கையைப் பிடித்துத் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். ஆழமில்லாத கீறல். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. ஊர் இழவுக்கெல்லாம் அழாமல் நின்றவள், அந்த உருளை மேல் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். முகிசா பயந்துபோனாள். "சரி விடும்மா, வலிக்கவே இல்ல" என்று தாயின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

தேர்தலில் கீரியா ஜெயித்தார், அதுவும் மயிரிழையில். நங்கோலியும் அவன் கூட்டமும் ககோயாவின் கடை முன்னால் வந்து நின்று, "நீதான் அந்த ஆளை ஆட வெச்சு ஜெயிக்க வெச்சே" என்று ஏசிவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கத்துக்கு அவள் துரோகி. இந்தப் பக்கமும் அவளை மன்னிக்கவில்லை. டென்யுவா சொன்னதைச் செய்துகாட்டினான். வாசலுக்கு நேரே இருந்த இடம் வேறொருத்திக்குப் போயிற்று, ககோயாவைச் சாக்கடையோரம் கோழி விற்கிறவர்கள் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நமுகோசே பெரிய இடத்துச் சண்டைக்கெல்லாம் போகாதவள். ஆனாலும் மறுநாள் காலையிலேயே குழந்தைச் சட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து சாக்கடையோரத்தில் ககோயாவுக்குப் பக்கத்தில் விரித்தாள். "அங்க எதிர்க்காத்து. சட்டையெல்லாம் பறக்குது" என்றாள். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு இழப்பை ககோயா எதிர்பார்த்திருக்கவில்லை. திடலில் நடந்ததற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு கிழவரின் அடக்கத்துக்குப் போனாள். மைக்கை எடுத்து, "துக்கத்தில் கூடியிருக்கும் சொந்தபந்தங்களே" என்று ஆரம்பித்ததும் பின்வரிசையில் இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பேரன் ஒருவன் தாங்க முடியாமல் எழுந்து வாழைமரத்துக்குப் பின்னால் ஓடினான். அடுத்த மாதம் இன்னொரு வீட்டிலும் அப்படியே. அதற்குப் பிறகு இழவு வீடுகளிலிருந்து ஆள் வருவது குறைந்தது. ஊர் அவள் மேல் கோபமாக இல்லை, அவளைப் பார்த்தால் ஊருக்கு ஆட்டம் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். அது அவளுக்குப் பல நாள் உறுத்தியது. சந்தைக்குப் போகும் வழியில் எங்காவது பந்தல் போட்டிருந்தால் நின்று, உள்ளே வேறு யாரோ தடுமாறித் தடுமாறிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆனால் ஆட்டக் குழுக்கள் தேடி வந்தன. புசெம்பாத்தியாவில் பள்ளி விழா, கமுலியில் திருவிழா, ஆற்றங்கரை நகரமான ஜிஞ்சாவில்கூட ஒரு போட்டி. சனிக்கிழமைகளில் நமுகோசேயிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, கத்திரிப்பூ நிறக் கொமேசியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வேன் ஏறினாள். அந்த உடையை நமுகோசே அவளுக்கே வாங்கிக் கொடுத்துவிட்டிருந்தாள்.

பிரசார லாரி நின்றுபோனதும் முலோண்டோ பழையபடி பலிகோவாவிடம் வேலை கேட்டு வந்தான். பலிகோவா முகத்துக்கு நேராக இல்லையென்று சொல்லத் தெரியாதவர். "முகிசா அம்மாகிட்டப் பேசு" என்று சாக்கடையோரத்துக்கு அனுப்பிவிட்டார். அவன் வந்து, கோழிக்கூண்டுகளுக்கு நடுவே நின்று, கையைக் கட்டிக்கொண்டான்.

"அக்கா, அடுத்த போட்டிக்கு நான் நடத்தட்டுமா? எனக்குத் தொழிலே அதுதானே."

"ஏறி நடத்தேன். யாரு வேணாம்னா?" என்றாள் ககோயா, ஒரு ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டே.

"இல்ல... ஏறினா அந்தப் பசங்க, குரல் உசிரோட வந்துடுச்சான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"வந்துடுச்சுன்னு சொல்லு."

"நீங்க கூட நின்னீங்கன்னா சொல்லிடுவேன்."

ககோயா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உண்மையிலேயே பயந்திருந்தான். அடுத்த வருஷப் போட்டியை இரண்டு பேரும் சேர்ந்தே நடத்தினார்கள். முதல் அரைமணி நேரம் ஊர் அவனை வாட்டி எடுத்தது. ககோயா குறுக்கே போகவில்லை. அவன் வேர்த்து விறுவிறுத்து, திக்கி, கடைசியில் கேட்டவன் ஒருவனுக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்து, முதல் சிரிப்பை வாங்கிய பிறகுதான் அவள் முன்னால் வந்து, அடுத்த குழுவின் பெயரைச் சொன்னாள்.